உமியில் பிடித்த நெருப்பு

முதல் புத்தகம் முழுக்க அவர்களுக்கிடையே காதல் என்ற பேச்சே எழவில்லை. இரண்டாவது முடிகிற இடத்தில் அவன் சொல்லிவிடுகிறான், அவள் மறுத்துவிடுகிறாள். மூன்றாவது புத்தகத்தின் கடைசிக்கு வந்த பிறகுதான் அவள் மனதில் இருப்பது அவள் வாய்க்கு வருகிறது. 2011இல் முதல் புத்தகம், 2012இல் இரண்டாவது, 2013இல் மூன்றாவது என்று வெளிவந்த கதை. வந்தவுடன் வாங்கிப் படித்தவர்கள் அந்த ஒரு சொல்லுக்காக ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். எனக்கு ஒரு மக்காச்சோளப் போகம் பிடித்தது. விதைப்பு முடிந்த வாரம் தொடங்கினேன். நைனார்பாளையம் சாலையோரத்தில் சோளத்தைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாவதை மூடினேன். இரவுக்குப் பத்துப் பக்கம். பக்கத்தில் அகராதி. என் ஆங்கிலத்துக்கு அவ்வளவுதான் ஓட்டம்.

சேலத்தில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து விட்டுவிட்டுப் போன புத்தகங்கள் அவை. அட்டையைப் பார்த்துவிட்டு, "ரத்தக்காட்டேரி கதையாடி?" என்றேன். "படிச்சுப் பாரும்மா. நீ நெனைக்கிற பேய்க்கதை இல்ல" என்றாள்.

எழுதியவர் ரிஷெல் மீட் என்கிற அமெரிக்கப் பெண். 2007 முதல் 2010 வரை 'வாம்பயர் அகாடமி' என்று ஆறு புத்தகங்கள் எழுதிவிட்டு, அதே உலகத்திலிருந்து வேறு ஆட்களை எடுத்து 'ப்ளட்லைன்ஸ்' என்று இன்னொரு ஆறு எழுதினார். என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது வரிசை. இதில் ரத்தம் குடிப்பவர்களிலேயே இரண்டு வகை. கொன்று குடிப்பவர்கள் ஒரு பக்கம். கொல்லாமல், மனமுவந்து தருபவர்களிடம் மட்டும் குடித்து, மனிதர்களைப்போலப் பிறந்து வளர்ந்து சாகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் முதலில் சொன்ன அவன், ஏட்ரியன், இந்த இரண்டாம் வகை. அவள், சிட்னி, மனிதப் பெண். இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இருப்பதே வெளியே தெரியாமல் மறைத்துவைப்பதுதான் அவள் பிறந்த கூட்டத்தின் தொழில். அந்தக் கூட்டம் பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் முன்பே ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது: அவர்கள் இயற்கைக்கு விரோதமானவர்கள், வேலைக்காக அவர்களோடு பழகலாம், ஒட்டக் கூடாது.

2005இல் வந்த 'ட்வைலைட்' கதையை இங்கேயும் பலர் அறிவார்கள். அதில் ஆபத்து முழுவதும் பையனிடம். அவன் தாகத்தை அவன் அடக்கிக்கொள்ள வேண்டும். பெண் முதல் நாளே அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறாள். சிட்னியின் கதையில் தடை அவளுக்குள்ளேயே இருக்கிறது. அவனால் அவளுக்கு ஒரு தீங்கும் இல்லை. அது அவள் புத்திக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அவன் இனத்துப் பெண்ணோடு ஒரே அறையில் படுத்துத் தூங்க அவளுக்கு உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சம் கரைவதற்குத்தான் இத்தனை பக்கங்கள்.

இப்படி மெல்ல மெல்ல மூளும் காதலுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அதை உமியில் பிடித்த நெருப்பு என்று எடுத்துக்கொண்டேன். நெல் அவித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். மேலே சாம்பல் மாதிரிதான் கிடக்கும், சுடர் இருக்காது. கால் வைத்தால் தெரியும்.

அந்த வகைக் கதைக்கு நம் வீடுகள் புதியவை அல்ல. 1950இல் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டு, கல்கியில் வாரம் ஒன்றாக வந்த பொன்னியின் செல்வனை என் ஆயா பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, சாக்குத் துணியில் அட்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். வந்தியத்தேவனும் குந்தவையும் பார்த்துக்கொள்கிற பக்கங்களின் ஓரம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாக இருக்கும். எத்தனை முறை திரும்பிப் போயிருப்பாள்! அடுத்த இதழ் வரும்வரை அந்த ஒரு பார்வையை ஏழு நாள் மென்றுகொண்டே களை எடுத்திருப்பாள், மாட்டுக்குத் தவிடு வைத்திருப்பாள். ஒரே மூச்சில் முழுக்கதையும் கையில் கிடைத்திருந்தால் அந்தப் பக்கம் மஞ்சளாகியிருக்காது.

ஏட்ரியன் செய்கிற ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவளுக்குக் கார் என்றால் உயிர். அதனால் கையால் கியர் மாற்றி ஓட்டுகிற பழைய மஸ்டாங் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொடு என்று அவளிடமே போய் நிற்கிறான். தொடுகிற பேச்சே இல்லை. அவளுக்குப் பிடித்த ஒன்றுக்குப் பக்கத்தில் தன்னைக் கொண்டுபோய் உட்கார்த்திக்கொள்கிறான், அவ்வளவே. அவள் கிளட்சைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறாள், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பயப்பட வேண்டிய அவள் உடம்பு கொஞ்ச நேரம் மறந்துபோகிறது. அதைப் படித்த இரவு நான் பத்துப் பக்கத்தோடு நிறுத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் ரத்தம் குடிப்பவளை விரட்ட மட்டும் செய்வதில்லை. காட்டேரிக்குப் பயந்து வாசலில் வேப்பிலை செருகுகிறவர்கள் உண்டு. அதே காட்டேரியைக் குலதெய்வமாக, அம்மன் என்று அழைத்து, ராத்திரியில் படையல் போட்டுக் கும்பிடுகிற வீடுகளும் இந்த வட மாவட்டங்களில் இருக்கின்றன. பயம் ஒரு நாளில் பக்தியாகியிருக்காது. எத்தனை தலைமுறை சோறு வைத்து வைத்து அந்தப் பெயரோடு 'அம்மா' வந்து ஒட்டிக்கொண்டதோ!

மூன்றாவது புத்தகம் பாதியில் இருந்தபோது ஒரு நாள் படிப்பை நிறுத்திவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். எதிரே இருட்டில் கல்வராயன் மலை ஒரு கரிய கோடாகத் தெரிந்தது. சிட்னியின் கன்னத்தில் ஒரு பொன்லில்லிப் பச்சை இருக்கும். அவள் கூட்டத்தார் எல்லோருக்கும் உண்டு. அதைக் குத்துகிற மையில் தங்கத்தோடு அவர்கள் வெறுக்கிற அந்த இனத்தாரின் ரத்தமும் கலந்திருக்கிறது. யாரைத் தொடக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்களோ அவர்களுடைய ரத்தம் அவள் முகத்தில். அந்த இடத்தில்தான் நான் எழுந்துபோனேன்.

நான் பிறந்த ஊர் சின்னசேலம் பக்கம். எங்கள் வயலில் நாற்று நட்டதும், அறுத்ததும், எங்கள் வீட்டுக் குதிருக்கு மூட்டை சுமந்து வந்ததும் காலனித் தெரு ஆட்கள். அவர்கள் கைபட்ட நெல்லைத்தான் மூன்று வேளையும் தின்றோம். அவர்களுக்கு மட்டும் தனி டம்ளர். அது மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்தத் தெருப் பெண். கணக்கில் என்னைவிடக் கெட்டி. எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் படிக்கப் போவேன். முதல் நாள் ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். சாதி தப்பு என்று அதற்குள் எனக்குத் தெரியும். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் அதை எழுதிப் பரிசே வாங்கியிருந்தேன். ஆனால் கை போகவில்லை. தாகம் இல்லை என்றேன். சித்திரை மாதம், இரண்டு மைல் நடந்து வந்திருந்தேன்.

மூன்று வருஷம் அப்படிப் போனது. ஒவ்வொரு முறையும் அவள் சொம்பைக் கொண்டுவந்து வைப்பாள். ஒவ்வொரு முறையும் நான் ஏதோ சொல்வேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முகம் மாறியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதம் ஒரு நாள், கணக்கு போட்டுக்கொண்டே, நினைக்காமலே என் கை சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டது. கீழே வைக்கும்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அவள் நிமிரவில்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

அதை நான் வாழ்க்கை முழுதும் என்னுடைய வெற்றியாகத்தான் எண்ணி வந்திருக்கிறேன். புத்தி ஒரு நாளில் ஒப்புக்கொண்டதைக் கை ஒப்புக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று, ஆனாலும் ஒப்புக்கொண்டது என்று. சிட்னியின் கதை எனக்கு இவ்வளவு இனித்ததன் காரணம் அதுதான் என்று அன்றிரவு திண்ணையில் புரிந்தது. ஊட்டி வளர்த்த அருவருப்பு ஒரு பெண்ணின் உடம்பைவிட்டு இம்மி இம்மியாக இறங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை. என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே நான் கபிலரை நினைத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை நடுவே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பார்கள். பாரியின் மகளை ஒப்படைத்துவிட்டு அவர் தீப்புகுந்ததை அந்த ஊர்க் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவிக்க அவர் பாடியது என்பார்கள் குறிஞ்சிப்பாட்டை. 261 அடி, 99 பூ. வேற்றுமொழிக்காரனுக்குத் தமிழைக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மலைநாட்டுக் காதல். குறிஞ்சியின் பொழுது நள்ளிரவு. யானையும் புலியும் அணங்கும் உலாவுகிற மலைவழியில் அவன் இருட்டில் வருவான். அவள் மெலிந்துபோவாள். வீட்டார் அதைத் தெய்வக் குற்றம் என்று நினைத்து வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துவார்கள். கல்லூரியில் இவற்றைப் படித்தபோது எனக்கு அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது வேறொன்று படுகிறது. அந்தப் பாட்டுகள் காத்திருப்பதன் சுகத்தில் மட்டும் நின்றுவிடுவதில்லை, காத்திருக்கிறவளின் உடம்பையும் கணக்கெடுக்கின்றன. வளை கழன்றது, நெற்றி ஒளி மங்கியது, தோள் மெலிந்தது என்று தோழி ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறாள். இரவில் வராதே, வந்து மணந்துகொள் என்று அவனிடம் கேட்டும் விடுகிறாள். மெல்ல மூளுகிற நெருப்பில் தினமும் எரிகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதைத் தோழி மறப்பதே இல்லை.

சிட்னி மாறிக்கொண்டிருந்த அந்த மூன்று புத்தகத்தில் ஏட்ரியன் என்னவாக இருந்தான்? அவள் விலகும்போதெல்லாம் அதைப் பார்க்காததுபோல் இருந்தான். அவன் உட்கார்ந்தால் அவள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவதைப் பார்த்தான். அருவருப்பை விடுவது கஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் தன்னை அருவருப்பதை நாள்தோறும் கண்ணால் பார்த்துக்கொண்டு, கசந்துபோகாமல், மறுநாளும் அதே இடத்தில் இருப்பது அதைவிடக் கஷ்டம். நான் அனுபவித்த மெதுவின் விலையை முழுதும் கொடுத்தது அவன். இதை எழுதும்போதுகூட 'அவன்' என்று எழுதிவிட்டு, சொம்பு வைத்தவளைத்தான் நினைக்கிறேன்.

நான்காவது புத்தகத்தின் பெயருக்கே கொழுந்துவிட்டெரியும் நெஞ்சு என்றுதான் பொருள். 2013 இறுதியில் வந்தது. முதல் மூன்றையும் சிட்னி மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தாள்; நாம் கேட்டது அவள் பக்கத்தை மட்டும். நான்காவதில் ஓர் அத்தியாயம் அவள், ஓர் அத்தியாயம் அவன் என்று மாறி மாறி வருகிறது. நான் புத்தகத்தைத் திறந்து, அவன் பெயர் போட்ட தலைப்பைக் கண்டதும் விரலை அங்கேயே வைத்து மூடிவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக ஒரு கதையின் மூன்று புத்தகத்தை மட்டும் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. கல்யாணம், சாவு, பொங்கல் என்று பேசிக்கொள்வோம். இந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. மறுநாள் காலையில் போன் போட்டேன். மகளைப் பற்றி, மழையைப் பற்றி, சோளத்துக்கு என்ன விலை போகிறது என்பதைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, "உங்க வீட்டுச் சொம்புத் தண்ணி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இருக்கு" என்றாள். "நீ குடிக்காம வெச்சிட்டுப் போற தண்ணிய எங்கம்மா முருங்கைக்கு ஊத்தச் சொல்லும். நான் ஊத்தமாட்டேன்டி. நீ தெரு முக்குத் திரும்புறவரைக்கும் பாத்துட்டு, உள்ள எடுத்துட்டுப் போய் நானே குடிச்சிடுவேன்."