ஜோர்ஜ்குட்டியின் பொய்யும் ஒரு தாயின் வினாவும்

பொய் எவ்விடத்து வாய்மையாகும் என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என வள்ளுவர் இடங்கொடுத்தார். காண்ட் என்னும் ஜெர்மானிய மெய்யியலாளரோ, நண்பனைக் கொல்ல வந்தவன் வாயிலில் நின்று வினவினும் பொய்யுரைத்தல் தகாதென 1797இல் எழுதினார். இவ்விரு நிலைப்பாடுகளையும் வகுப்பறையில் கற்ற நாம், அவற்றை உரைத்துப் பார்ப்பதற்கு 'திருஷ்யம்' என்னும் மலையாளத் திரைப்படம் நல்லதொரு கல்லாக அமைகின்றது.

ஜீத்து ஜோசப் எழுதி இயக்கிய இப்படம் 2013 டிசெம்பரில் வெளிவந்தது. மோகன்லால் ஏற்ற ஜோர்ஜ்குட்டி, நான்காம் வகுப்போடு கல்வியை விட்டவன். கேபிள் தொலைக்காட்சி நடத்துபவன். திரைப்படங்களையே கல்லூரியாகக் கொண்டவன். அவனுடைய மகள் குளிப்பதை இரகசியமாகப் படம்பிடித்து மிரட்ட வந்த இளைஞன், அவளது அடிபட்டு இறக்கிறான். இறந்தவனோ பொலிஸ் உயரதிகாரி கீதா பிரபாகரின் மகன். பிணத்தை மறைத்துக் குடும்பத்தைக் காக்கத் தந்தை முனைவதே கதை.

இறுதிக் காட்சியிலே, கட்டப்பட்டுக்கொண்டிருந்த பொலிஸ் நிலையத்தின் தரைக்கடியிலேயே பிணம் புதைக்கப்பட்டமை புலனாகும்போது கைதட்டாதார் அரியர். யானும் தட்டினேன். சிறுமியையும் அடிக்கத் துணிந்த கான்ஸ்டபிள் சகதேவனைக் கண்ட பின்னர், அந்நிலையத்திற்கு உண்மை கூறவேண்டிய கடப்பாடு ஜோர்ஜ்குட்டிக்கு உண்டெனச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அம்மட்டில் வள்ளுவரின் சலுகை அவனுக்கு உரியதே.

ஆயினும் இரு செய்திகள் உறுத்துகின்றன. முதலாவது, சாட்சிகள் பற்றியது. பின்னர் மேற்கொண்ட தொடுபுழைப் பயணத்தை ஓகஸ்ட் 2, 3ஆம் திகதிகளில் மேற்கொண்டதாகப் பஸ் நடத்துநர், உணவுவிடுதிக்காரர், திரையரங்கப் பணியாளர் முதலியோரின் நினைவிலே அவன் பதித்துவிடுகிறான். அவர்கள் பொய்யரல்லர். தாம் நம்பியதை நேர்மையோடு உரைத்தனர், உரைத்தது பொய்யாயிற்று. தன் நாவாற் பொய்யுரைப்பது ஒன்று. பிறர் நேர்மையைத் தன் பொய்க்குக் கருவியாக்குவது மற்றொன்று. மனிதரை வெறுங்கருவியாக்கலாகாதென்ற காண்டின் கூற்று இவ்விடத்திலேதான் வலிமை பெறுகின்றது.

இரண்டாவதே பெரிது. கீதா பிரபாகர் அதிகாரி மாத்திரமல்லள், தாய். அதிகாரி கேட்பதும் தாய் கேட்பதும் ஒரே வினாவாயினும், அவற்றுக்குரிய விடைக் கடப்பாடு ஒன்றன்று. சித்திரவதைக்கு அஞ்சி அதிகாரிக்கு மறைத்தது நியாயமாகலாம். மகன் இருக்கின்றானா இல்லையா என்று ஏங்குபவளுக்கு மறைத்ததோ, வள்ளுவர் விதித்த 'குற்றமற்ற' என்னும் நிபந்தனையை உடைத்துவிடுகின்றது. ஆஷா சரத் என்னும் ஒரே நடிகையே மலையாளம், கன்னடம், தமிழ் ஆகிய மும்மொழிப் படங்களிலும் அத்தாயாகத் தோன்றினார். 2015இல் வந்த தமிழ்ப் 'பாபநாசம்' படத்திலே கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் அழுது மன்னிப்பு வேண்டுகிறான். மகன் இனி வாரான் என்பதைக் குறிப்பாற் சொல்கிறான். எங்கே என்பதைச் சொல்லவில்லை. அதே கதை 'தர்மயுத்தய' என 2017இல் ஜாக்சன் அந்தனி நடிக்கச் சிங்களத்திலும் வந்தது. பிள்ளை எங்கே என்று வீதியோரத்தில் படங்களை ஏந்திக் காத்திருக்கும் தாய்மாரைக் கண்ட நாட்டில் அவ்வினாவின் பாரத்தை எவரும் நமக்கு விளக்கவேண்டியதில்லை.

தழுவல்கள் யாவும் இவ்விடத்தில் ஒன்றுபடவில்லை. 2019இல் வந்த சீனத் தழுவலில் தந்தை குற்றத்தை ஏற்றுச் சிறை செல்கிறான். சட்டத்தின் கணக்கு அங்கே தீர்கின்றது எனினும், அம்முடிவு எனக்குச் சற்று எளிதாகவே படுகிறது. அறத்தின் சிக்கலைக் காவலரிடம் ஒப்படைத்துக் கதை விலகிக்கொள்கிறது. 2021இல் வெளியான 'திருஷ்யம் 2' வேறு வழி செல்கிறது. ஜோர்ஜ்குட்டி சரணடைகிறான், எனினும் தோண்டியெடுத்த எச்சங்கள் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டமையால் வழக்கு நிற்கவில்லை. நீதிமன்றத்தை அவன் மீண்டும் ஏமாற்றுகிறான். ஆனால் உண்மையான எச்சங்களை எரித்த சாம்பல் பெற்றோரிடம் சேர்கின்றது. அவர்கள் அதனை நீரிற் கரைக்கின்றனர். அரசுக்குக் கொடாத விடையை, ஆண்டுகள் பல கழிந்து, அவன் அவர்களுக்கு மாத்திரம் கொடுக்கிறான்.