எடை என்னும் வாத்தியார்

"நல்லா இருக்கா சார்?"

களிமண்ணில் முதன்முதலாகக் கைவைக்கும் பிள்ளைகள், உருவம் பாதி எழும்பியதுமே நிமிர்ந்து பார்த்துக் கேட்பது இதைத்தான். படம் வரையும்போதும் இதையேதான் கேட்பார்கள். அங்கே பதில் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். காகிதத்தில் மாடு வரைந்து தீக்குச்சிக் கால்களை ஒட்டினாலும் அது நிற்கும். அதே மாட்டை மண்ணில் செய்தால், நான் வாய் திறப்பதற்குள் முன்னங்கால் மடங்கிப் படுத்துவிடும். யாரும் திட்டவில்லை, மதிப்பெண் குறைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அடுத்த முறை அவன் காலைத் தடிமனாகப் பிடிக்கிறான்.

நாம் செய்வது சரியா, தவறா என்று நமக்கு யார் சொல்வது? வாழ்நாள் முழுக்க நம்மை விடாத கேள்வி இது. பள்ளியில் மதிப்பெண், வேலையில் மேலாளர், வீட்டில் சொந்தபந்தம், இப்போது கைப்பேசியில் விழும் விருப்பக்குறிகள் என்று பிறர் வாயையே பார்த்துப் பழகிவிட்டோம். செய்கிற பொருளே பதில் சொல்லும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. சிற்பம் பழகத் தொடங்கும் மாணவனுக்குக் கிடைக்கிற முதல் வரம், அப்படி ஓர் இடத்தில் அவன் வந்து உட்காருகிறான் என்பதுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமணசமுத்திரத்துப் பக்கம் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசி மகத்துக்குக் காகித மாலை சுமந்து நிற்கும் பெரிய குதிரைச் சிலையை அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. நேர்த்திக்கடனுக்குச் செய்த மண் குதிரைகளின் கால்களைப் பாருங்கள். தூணைப்போல் நேராக, பருமனாக இருக்கும். பெரிய குதிரையானால் வயிற்றுக்குக் கீழே தாங்கலாக ஒரு தூணோ பூதமோ நிற்பதும் உண்டு. இதைப் பார்த்துவிட்டு, நாட்டுப்புறக் கலைஞருக்கு உடற்கூறு தெரியவில்லை என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இவற்றைச் செய்யும் குயவர்களான வேளாருக்குக் குதிரை தெரியும். அதைவிட நன்றாக மண்ணைத் தெரியும்.

பொருள் மாறினால் உருவமும் மாறியாக வேண்டும். வெண்கல நடராசர் ஒற்றைக் காலில் நின்று ஆடலாம். உலோகத்துக்கு இழுவையைத் தாங்கும் வலு உண்டு. கிரேக்கர் வெண்கலத்தில் வார்த்த உருவங்களை ரோமானியர் பளிங்கில் படியெடுத்தபோது, கணுக்கால் முறிந்துவிடும் என்று பக்கத்தில் ஒரு மரத்தண்டைச் சேர்த்துச் செதுக்கினார்கள். அழகுக்காக வந்த மரமல்ல அது. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நிற்கும் அந்த மரத்தண்டும், நம் அய்யனார் குதிரையின் வயிற்றுத் தூணும் ஒரே காரணத்தால் பிறந்தவை.

அய்யனாருக்கு மண் குதிரை எடுத்துச் செல்லும் விழாவான புரவி எடுப்புக்கு ஊர் முடிவு செய்ததும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு கைப்பிடி மண்ணைக் கொடுத்து, எங்களுக்குக் குதிரை செய்து தாருங்கள் என்று கேட்கிற முறை அது. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பிசைவது முதல் வேலை. மணலும் உமியும் இல்லாத வெறும் களிமண் காயும்போது அதிகமாகச் சுருங்கி வெடித்துவிடும். உமி சூளையில் எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுப் போகும். உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாக வெளியேற அது வழி. பிறகு நான்கு கால்களும் உள்ளே கூடாக எழும்பும். கால்கள் இறுகிய பிறகே வயிறு, வயிறு இறுகிய பிறகே கழுத்து. "அவசரப்படாதீங்க தம்பி, கால் இறுகட்டும்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். சிற்பக்கலைக்கு இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் கேட்டதில்லை. கீழே இருப்பது சுமக்கத் தயாராகும் முன்னால் மேலே எதையும் ஏற்றக்கூடாது. ஈரமாக இருக்கும்போது ஏற்றினால் சரிந்துவிடும், முற்றிலும் காய்ந்தபின் ஏற்றினால் ஒட்டாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைக் கடிகாரம் காட்டாது, விரல்தான் காட்டும்.

பழகத் தொடங்கும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் கண்ணிலிருந்துதான் தொடங்குவார்கள். தலையை உருட்டி, இரண்டு கண் வைத்து, மூக்கு வைத்து, வாய் கீறிவிட்டு, அதன்பின் உடம்பைத் தேடுவார்கள். முகம் முதலில் வந்துவிட வேண்டும் என்ற தவிப்பு. வேளார் வேலையில் கண் கடைசியில்தான் வருகிறது. மற்றவை நின்று, காய்ந்து, சுடப்பட்டு, ஊர் வந்து கூடியபின் கண் திறப்பு நடக்கும். முகத்தை முதலில் செய்து கால்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மில் எத்தனை பேர் வீடு கட்டுகிறோம், கல்யாணம் செய்கிறோம், படிப்பைத் தேர்ந்தெடுக்கிறோம்!

இன்னொன்று, உள்வெளி. குதிரையின் வயிறு வெற்றிடம். சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் சூளையில் வெடித்துவிடும். ஆனால் அந்த உட்சுவரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய முடியாது. ஒரு கை உள்ளே தாங்கிக்கொடுக்க, மறு கை வெளியே பலகையால் தட்ட வேண்டும். இரண்டு கைக்கும் நடுவே இருக்கும் கனத்தை உணர்ந்தே அறிய வேண்டும். முப்பரிமாணம் என்றால் முன்னும் பின்னும் பக்கமும் பார்ப்பது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது போதாது. பார்க்க முடியாத உள்பக்கத்துக்கும் பொறுப்பேற்பதில்தான் இந்தப் பயிற்சி உண்மையில் தொடங்குகிறது.

செய்து முடித்த குதிரைகளை ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மறுபடியும் எடை வந்துவிடுகிறது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கித் தோளில் வைக்க முடிய வேண்டும். கோயிலில் விட்டபின் அவை வெயிலிலும் மழையிலும் நின்று, காது உடைந்து, கழுத்து விழுந்து, மண்ணோடு மண்ணாகும். யாரும் பழுது பார்ப்பதில்லை. அடுத்த நேர்த்திக்குப் புதிதாகச் செய்வார்கள். பழையது போய்க்கொண்டே இருப்பதால்தான் செய்கிற கைக்கு ஓய்வில்லாமல் பழக்கம் கிடைத்தது. தொடக்க மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். முதலில் செய்த உருவங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதீர்கள். நன்றாகப் பார்த்துவிட்டு, நொறுக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பவும் பிசையுங்கள். சுடாத மண் எத்தனை முறை கேட்டாலும் திரும்பி வரும்.

படத்திலிருந்து நேராக முழு உருவத்துக்குத் தாவத் தயங்குகிறவர்களுக்கு நடுவே ஒரு படி இருக்கிறது, புடைப்புச் சிற்பம். நார்த்தாமலையில் விசயாலய சோழீச்சரத்துக்கு எதிரே இருக்கும் சமணர் குடகுக் குடைவரைக்குப் போகலாம். அங்கே சுவரில் 12 திருமால் உருவங்கள், ஏறக்குறைய ஒரே அச்சாக, ஆளுயரத்தில் நிற்கின்றன. எவ்வளவு குறைந்த ஆழத்தில் தோளும் மார்பும் திரள்கின்றன என்று பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது குறையல்ல என்பதையும் அந்தச் சுவரே சொல்கிறது.

ஆவுடையார் கோயிலுக்கு மட்டும் பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுத்தே அழைத்துப்போவேன். கல்லை மரச்சட்டமாக மெலித்து, ஆணியும் குமிழும் வரை கல்லிலேயே காட்டிய கொடுங்கை, அதாவது வளைந்திறங்கும் கூரை விளிம்பு, அங்கே இருக்கிறது. எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம், ஆவுடையார் கோயில் கொடுங்கை போன்றவை நீங்கலாக என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தத்தில் எழுதுவார்களாம். வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. பொருளின் எல்லையைக் கடைசி நூல் வரை அறிந்தவன் அந்த எல்லையோடு விளையாடிய இடம் அது. தொடக்கத்திலேயே பார்த்தால் பிரமிப்பு மட்டும் மிஞ்சும். கையில் கொஞ்சம் மண் உடைந்த பிறகு பார்த்தால், எங்கே மூச்சை அடக்கியிருப்பான் என்பது தெரியும்.

இன்றைய மாணவர்கள் பலர் கணினியிலேயே முப்பரிமாணம் பழகுகிறார்கள். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள்கள் கிராமத்துப் பிள்ளைக்கும் எட்டுகின்றன, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் திரைக்குள் செதுக்கும் குதிரைக்கு எடை இல்லை; மயிரிழைக் காலிலும் அது நிற்கும். முப்பரிமாண அச்சுப்பொறியில் கொடுத்ததும் எடை திரும்பி வந்துவிடுகிறது. அந்தரத்தில் நீளும் பகுதிக்கு அங்கேயும் தாங்கல் வைக்கிறார்கள். அதனால் என் தீர்ப்பு இதுதான்: முதலில் மண், பிறகு திரை. வரிசையை மாற்றினால் கெட்டிக்காரப் பிள்ளைகூடக் கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடுகிறது.

எடை எல்லாவற்றையும் சொல்லித் தருமா? தராது. குதிரை விழாமல் நிற்கிறது என்பதற்காக அது அழகாகிவிடாது. சுவாமிமலைச் சிற்பிகள் ஓலையை மடித்து மடித்து உறுப்புகளுக்கு அளவு எடுப்பார்கள். அந்த அளவுகள் தலைமுறைகள் கண்டு கொடுத்தவை. அதற்கு ஆசிரியர் வேண்டும், மரபு வேண்டும், நிறையப் பார்க்க வேண்டும். 1959இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். பாறையின் கனம் அவர்களுடைய முதுகில் தெரிகிறது. நிற்க வைப்பது முதல் கட்டம், கனத்தைப் பார்ப்பவர் உடம்பில் உணரச் செய்வது வெகுதூரத்தில் இருக்கிற கட்டம். ஆனால் முதல் கட்டத்தை எடையிடம் கற்றவன், பாராட்டுக்கு ஏங்காமல் அந்தத் தூரத்தை நடப்பான். தன் வேலை எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்று அவனுக்கே தெரியும்.

புதுக்கோட்டைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. மலைகள் இருக்கின்றன. வேளார் குடும்பங்களில் இன்னும் மண் மிதிக்கும் கால்கள் இருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போங்கள். வேளார் வீட்டில் உரிய கூலி கொடுத்து, அவர்களை ஆசிரியராக மதித்துக் கற்றுக்கொடுக்கக் கேளுங்கள். வீட்டில் ஒரு வாளி களிமண்ணும் ஒரு மரப்பலகையும் கொடுங்கள். பிள்ளை செய்த குதிரை சரியும்போது உங்கள் கையை நீட்டித் தாங்கிவிடாதீர்கள்.