கைப்பிடியை நீ பிடி!

பண்ணையைப் பார்க்க வந்தாயா, செல்ஃபி எடுக்க வந்தாயா?

வயலில் நடவு மெஷின் ஓடுகிறது. நாலு பேர் முன்னால் நின்று கேள்வி கேட்கிறார்கள். நீ எங்கே? வேப்பமர நிழலில்!

"எனக்கு மெஷினெல்லாம் வராது சார்." யார் சொன்னது? ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தாயா?

கிட்டே வா. குனிந்து பார்.

தட்டில் வளர்த்த நாற்று, பாய் மாதிரி மெஷினில் ஏறுகிறது. இரும்பு விரல்கள் கிள்ளிக் கிள்ளிச் சேற்றில் ஊன்றுகின்றன. தண்ணீர் கூடிப்போனால் நாற்று மிதக்கும். விதை சீராக விழாத பாய் என்றால் குத்து விடுபடும். பின்னாலேயே ஒரு அக்கா வந்து, விடுபட்ட இடத்தில் கையால் நடுகிறார்.

கவனித்தாயா? மெஷினும் தவறுகிறது! அதற்காக யாராவது அதை ஓரங்கட்டிவிட்டார்களா? விடுபட்டதை நட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறார்கள். நீ மட்டும் ஏன் ஒரு அரியருக்கே ஒடுங்கிப்போகிறாய்?

பீங்கான் ஊர்க்காரன் நீ! சூளையில் நாலு கோப்பை வெடித்ததென்று விருத்தாசலத்தில் யார் தொழிலை விட்டார்கள்?

"இந்த ஊரில் என்ன சார் இருக்கு?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வி.ஆர்.ஐ. 3 முந்திரி, 1991இல் இங்கிருந்துதான் வெளியானது. அதன் மூலம் எது தெரியுமா? ஒரு கிராமத்தில் விதையிலிருந்து முளைத்து வளர்ந்த மரம்! அந்த வழியாக எத்தனையோ பேர் போயிருப்பார்கள். ஒருவர் நின்று பார்த்தார். நீ நின்று பார்க்கிறாயா?

காசு இல்லையா? மெஷினை வாங்கச் சொல்லவில்லை. வேளாண் பொறியியல் துறை பண்ணை மெஷின்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலேயே பதியலாம்.

அரசுப் பள்ளியில் படித்தவன் என்று கூசுகிறாயா? 2021 முதல் வேளாண் படிப்பிலும் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக இருக்கிறது. கூச்சத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது!

"மெஷின் வந்து வேலை போச்சு" என்கிறாயா? நடவாளுக்கு வேலை குறைந்தது உண்மை. அந்த வலியை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அறுவடைக் காலத்தில் வெளியூர் வண்டி வருகிறதே, அதை ஓட்டுபவனுக்கு வேலை இருக்கிறதா இல்லையா? அது பழுதானால் சரிசெய்பவனுக்கு? அந்த இருக்கையில் நீ ஏன் உட்காரக் கூடாது?

மருந்தடிக்கும் ட்ரோனை அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது போதும். அதை ஓட்டச் சான்றிதழ் வேண்டுமா? 18 வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும்.

முதல் இரண்டும் உன்னிடம் இருக்கின்றன. மூன்றாவதற்கு எப்போது கிளம்புகிறாய்?