நாளைக்கு வந்தாய்

‘ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ.’ நீங்கள் நாளைக்கு வந்தால் எனக்குத் தேவலை என்பதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். ‘கேம்’ இறந்தகாலம். ‘டுமாரோ’ நாளை. சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் ‘நாளைக்கு வந்தாய்’ என்று ஒரு விநோதம் வந்து நிற்கிறது. நான் நடத்தும் மாலைநேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். “சார், அவரு நாளைக்குத்தானே வரப்போறாரு? அப்புறம் எதுக்கு கேம்?”

‘ரூல் அப்படி, மனப்பாடம் பண்ணிக்கோங்க’ என்று தாண்டிப் போகலாம். ஆனால் எனக்கு ரூலைவிட அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது.

என்னைப் பற்றி மட்டும் சொல்லும்போது இந்தச் சிக்கல் கிடையாது. ‘ஐ வுட் ராதர் கோ’, அவ்வளவுதான். போவதும் நான், விரும்புவதும் நான். நடுவில் ‘யூ’ வந்து உட்கார்ந்ததும் வினை ஓரடி பின்னால் போய்விடுகிறது: ‘ஐ வுட் ராதர் யூ வென்ட்.’ ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-ல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கண நூல் இதைக் காலம் காட்டும் வடிவமாகப் பார்ப்பதில்லை. நிஜத்திலிருந்து உள்ள தூரத்தைக் காட்டும் வடிவம் என்கிறது. நான் இதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் படிக்கிறேன். உன் செயல் உன் கையில் இருக்கிறது, என் விருப்பம் அதைத் தொடவில்லை, தள்ளி நின்று சொல்கிறேன். ‘ராதர்’ வாக்கியத்தில் எனக்குக் கேட்பது இதுதான். ஆங்கிலம் எல்லா இடத்திலும் இந்த நாசூக்கோடு இருப்பதில்லை. ‘ஐ வான்ட் யூ டு கோ’ என்பதில் தூரமே இல்லை. கேட்பவருக்கு அது பாதி உத்தரவாகவே விழும்.

தமிழில் ‘வேண்டும்’ இருக்கிறது. ‘நான் போகணும்’ என்றால் ஆசையாகவும் இருக்கலாம், கட்டாயமாகவும் இருக்கலாம். ‘நீ போகணும்’ என்று திருப்பிப் பாருங்கள், ஆசை காணாமல் போய்விடும். என் விருப்பம் வாயைவிட்டு வெளியே வரும்போதே உன் கடமையாகிவிடுகிறது. தூரம் வேண்டுமென்றால் ‘நீ போனா நல்லாருக்கும்’ என்று சுற்றி வரவேண்டும். அதிலும் ‘போனா’ இறந்தகால வடிவத்தில்தான் நிற்கிறது! வகுப்பில் இதைச் சொன்னால் ‘கேம்’ பாதி புரிந்துவிடும்.

சரி, பிறர் செய்வதைப் பற்றிய என் விருப்பத்துக்கு எவ்வளவு எடை? இதை அமர்த்தியா சென் 1970-ல் ஒரு சிறிய கட்டுரையில் புதிராகவே போட்டார். ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவல் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. ஆள் இரண்டு பேர், ஒருவர் ஆசாரசீலர், மற்றவர் சபலக்காரர். யாருமே படிக்காமலிருப்பதுதான் ஆசாரசீலருக்கு நல்லது. இல்லையென்றால் தானே படித்துத் தொலைக்கிறேன், அந்த ஆள் கையில் மட்டும் கிடைக்கக்கூடாது என்பார். சபலக்காரருக்கும் அது படிக்காமல் வீணாகப் போவது பிடிக்காது. தான் படிக்கலாம்தான், ஆனால் அதைவிட இந்த ஆசாரசீலரைப் படிக்கவைத்துப் பார்ப்பதில்தான் அவருக்குக் கூடுதல் குஷி.

அவரவர் படிப்பு அவரவர் இஷ்டம் என்று விட்டால் சபலக்காரர் படிப்பார், மற்றவர் படிக்கமாட்டார். ஆனால் இருவருடைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சபலக்காரர் படிப்பதைவிட ஆசாரசீலர் படிப்பதே மேல் என்பதில் இருவருக்கும் ஒருமித்த கருத்து! எல்லோரும் ஒப்புவதைச் செய்வதும், அவரவர் விஷயத்தை அவரவரிடம் விடுவதும் இங்கே ஒத்துப்போகவில்லை. குழப்பம் எங்கே என்று பாருங்கள். இருவரும் தங்கள் கையிலுள்ள புத்தகத்தைவிட அடுத்தவர் கையிலுள்ள புத்தகத்தைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள்.

இது வெறும் காகிதப் புதிரும் அல்ல. அந்த நாவலை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்ட பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ஒருவரின் மேல்முறையீட்டை நம் உச்ச நீதிமன்றம் 1964-ல் தள்ளுபடி செய்தது.

ரொனால்ட் டுவொர்கின் இதற்கு ஒரு கறாரான வழி சொன்னார். எனக்கு என்ன வேண்டும் என்பது ஒரு வகை, அடுத்தவருக்கு என்ன கிடைக்கவேண்டும் என்பது இன்னொரு வகை. பொதுநலக் கணக்குப் போடும்போது இரண்டாவதைச் சேர்த்தால் சிலருக்கு இரண்டு ஓட்டு கிடைத்ததுபோல் ஆகிவிடும், எனவே விட்டுவிடுங்கள் என்றார். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது சரிதான். அடுத்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் யாரோடு போகிறார்கள் என்பதெல்லாம் என் ஓட்டில் ஏறக்கூடாது.

வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தால் ஒத்துவராது. பிரியம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அடுத்தவர் செய்வதைப் பற்றிய விருப்பம்தான். அப்பா சிகரெட்டை விடவேண்டும், தோழி அந்த ஆளிடம் திரும்பிப் போகக்கூடாது. இதற்கெல்லாம் எடை பூஜ்யம் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. எடை உண்டு. அதைத் தூக்கி யார் தலையில் வைப்பது என்பதுதான் தகராறு. ‘ஐ வுட் ராதர் யூ டிடின்ட்’ அதைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறது. இஷ்டமிருந்தால் நீ எடுத்துக்கொள்ளலாம்.

அல்லது அப்படித் தோற்றம் காட்டுகிறது. மேலாளர் ஒருவர் மலர்ந்த முகத்தோடு இதே வாக்கியத்தைச் சொல்லட்டும், ‘வெள்ளிக்கிழமை நீங்க லீவு எடுக்காம இருந்தா தேவலை’ என்று. வினை பின்வாங்கியிருக்கிறது, மரியாதை வழிகிறது, ஆனால் எடுத்துப் பார்த்தால் தெரியும். சம்பளம் கொடுப்பவர் சொல்லும்போது அந்த இறந்தகாலம் வெறும் ஜிகினா. கேட்டவர் அதை மீறிய மறுநாள் என்ன நடந்தது என்று பார்த்த பிறகுதான் அது விருப்பமா உத்தரவா என்று சொல்லமுடியும். அந்தத் தகவல் இலக்கணத்துக்குள் இல்லை.

அதிகாரமே இல்லாத இடத்திலும் ஒன்று மிச்சமிருக்கிறது. சொன்னதைச் சொல்லாததாக ஆக்கமுடியாது. ‘நீ அவனைக் கட்டிக்காம இருந்தா எனக்கு நிம்மதி’ என்று ஒரு அம்மா, எந்த மிரட்டலும் இல்லாமல், உண்மையாகவே மகளிடம் விட்டுவிட்டுச் சொல்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். மகள் கட்டிக்கொள்கிறாள். நேற்றுவரை அது அவள் கல்யாணம் மட்டும்தான். இன்று அது அம்மாவின் நிம்மதிக்கு எதிராகச் செய்த காரியமும்கூட. அம்மா சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அப்போது, முக்கியமான ஒன்றை மறைத்துக்கொண்டு பந்தலில் சிரித்தவளாகியிருப்பாள், மகள் அதைப் பத்து வருஷம் கழித்து யார் மூலமாகவோ கேட்டிருப்பாள்.