கன்னியம்மாவுக்கு ஒரு பி-மெமோ

பசலி 1400. ஆங்கிலக் கணக்கில் 1990-91. ஆண்டுக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்குப் பத்து நாள்தான் இருந்தது. நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்த ஊரில் (ஊர்ப் பெயர் வேண்டாம், கடப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போய்வந்த தூரம்) தோப்புப் புறம்போக்கில் ஆக்கிரமிப்புகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். தோப்பு என்பது பதிவேட்டில் மட்டும்தான். தரையில் இருந்தது வேலிக்காத்தான் முள்ளும், நடுவே பதினோரு இருளர் குடிசைகளும். ஒவ்வொன்றாக அளந்து, பெயர் கேட்டு, அப்பன் பெயர் கேட்டு, புறம்போக்கு ஆக்கிரமிப்புக்குப் போடும் பி-மெமோ படிவத்தில் ஏற்றினேன்.

பதினோராவது குடிசைக்கு அப்பால் ஒரு வேப்பமரம். அடியில் முழங்கால் உயரத்தில் ஒரு கல், மஞ்சள் பூசி, காய்ந்த கதம்பத்தோடு. சுற்றி நான்கு முழத்துக்குச் சாணம் போட்டு மெழுகியிருந்தது. மெழுகின இடம் அனுபோகம்தானே? தலையாரியை டேப்பைப் பிடிக்கச் சொன்னேன்.

"இது யாருது ஆயா?"

"கன்னியம்மாளுது சாமி."

எழுதிவிட்டேன். ஆக்கிரமிப்பாளர் பெயர்: கன்னியம்மா. அடுத்த கட்டம், தந்தை அல்லது கணவர் பெயர். பேனாவோடு நிமிர்ந்தேன். பதில் சொன்ன கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கன்னிக்கு ஏது சாமி புருசன்? அப்பனை யாரு பாத்தது?" என்றாள். ஒரு கோடு போட்டேன்.

ஜமாபந்தியில் யாரும் தலை நிமிராமல் பன்னிரண்டுக்கும் சேர்த்து தீர்வை போட்டார்கள். பதினோரு குடும்பமும் சில்லறையைத் திரட்டிக் கட்டியது. பன்னிரண்டாவதுக்கு யாரைக் கேட்பது? இரண்டு ரூபாய் சொச்சம். நானே கட்டினேன். ரசீது கன்னியம்மா பெயரில். இன்றும் என் தகரப் பெட்டியில் இருக்கிறது.

அன்றைக்கு இதை வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கோடு என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. ஒரு தெய்வம் ஓர் இடத்தில் இருக்கிறது என்று எப்போது சொல்கிறோம்? கல் நட்டாலா, கும்பிட்டாலா, அடங்கல் பதிவேட்டில் ஏறினாலா?

வருவாய்த் துறைக்காரனுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. நம் நாட்டுச் சட்டப்படி சாமி சொத்து வைத்துக்கொள்ளலாம். கோயில் மூர்த்தி ஒரு சட்டபூர்வமான நபர், வழக்கு போடலாம், வழக்கில் நிற்கலாம் என்று 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா குடும்பத் தகராறில் சொன்னது. நம் மாநிலத்தில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம். எத்தனையோ பட்டாக்களில் பெயர் கட்டத்தில் ஈஸ்வரனும் பெருமாளும் இருப்பதை நானே சிட்டாவில் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கல்வெட்டும் தானசாசனமும் உள்ள தெய்வம் நிலச்சுவான்தார். வேப்பமரத்தடித் தெய்வம் ஆக்கிரமிப்பாளர். இந்த வித்தியாசத்தை எந்த ஆகமமும் சொல்லவில்லை, நான் சொன்னேன், நீல மசியில்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கடப்பாக்கம் இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. கிழக்கே கடல், மேற்கே கழி, இடையில் நாங்கள். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரை இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர் என்றுதான் ஏடு சொல்கிறது. அந்தப் பெருமை எங்கள் ஊர் டீக்கடை வரை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிறவர்கள் உடைந்த செங்கல் சுவரில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நவாப் காலத்துக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தானமாகப் போனது, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். எழுத்துக்குக் குறைச்சலே இல்லாத இடம். மிச்சம் சுண்ணாம்புக் காரைதான்.

கோட்டைக்குக் கீழே கழியில் காலையில் பார்த்தால் நாலைந்து தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். இருளர்கள். இடுப்பளவு, சில சமயம் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் எடுப்பார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள், இரண்டு கையும் வேலையாக இருப்பதால். வலை இல்லை, தோணி இல்லை. பறியை வாயில் கவ்வியிருப்பவரிடம் கரையிலிருந்து பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, கண்ணால்தான் சிரிப்பார். விரல் நுனியெல்லாம் இறால் கொம்பு கீறின தழும்பு.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருளர் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். மாநிலத்தில் நலிவுற்ற பழங்குடிகள் என்று ஆறு குழுக்களைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். இவர்கள் அதில் ஒன்று. முன்பு பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை மூடின. 1978-இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்கை எடுத்து, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலும் விஷம் எடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கு ஊசி போட்டுப் பிழைத்தவர்களில் பலர் உடம்பில் இவர்கள் உழைப்பு ஓடியிருக்கிறது. வாய் கட்டிய மண்பானைகளில் பாம்பை மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டு வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உரிமைக்காக அல்ல. இது கொடுத்துவிட்டது, இப்போதைக்குத் திரும்பப் பிடிக்காதே என்பதற்காக. நான் வாழ்நாளெல்லாம் நட்ட எல்லைக்கல்லுக்கு நேர் எதிரான குறி.

அந்தச் சங்கத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள். 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். பேப்பரில் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வேறொன்றுதான் முந்தி வந்தது. என் சர்வீஸில், அந்தப் பதினோரு குடிசைக் குடியிருப்பில் எட்டாவது முடித்த பையன் ஒருவனுக்குச் சாதிச் சான்று தேவைப்பட்டது. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் தரவேண்டியது; கீழிருந்து என் அறிக்கை போகவேண்டும். "ஆவண ஆதாரம் ஏதுமில்லாததால் இருளர் என உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுதி அனுப்பினேன். அவன் அப்பன் இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்த நல்ல பாம்பை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு போயிருந்தான். பையன் ஒன்பதாவது சேரவில்லை. செங்கல் சூளைக்குப் போனான்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு மாசி மகத்துக்கு அந்த வேப்பமரத்தடி ஆயாவின் குடும்பத்தோடு மாமல்லபுரம் போனேன். "வரியா சாமி?" என்று கேட்டாள், போய்விட்டேன். ஷேர் ஆட்டோவில் பாத்திரம், அரிசி, விறகு, இரண்டு சேவல், நான். கடற்கரையில் அன்றைக்கு ஊருக்குள் ஒரு ஊர். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் நாலு கொம்பு நட்டுப் புடவையைச் சுற்றிக்கட்டி வீடாக்கியிருந்தன. யாருக்கும் அளந்து கொடுக்கவில்லை, எல்லைச் சண்டையும் இல்லை. பழக்க தோஷம், அதைத்தான் முதலில் கவனித்தேன்.

ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நிலா உச்சிக்கு வந்த நேரத்தில் பெண் பார்க்கும் பேச்சு நடக்கிறது, பக்கத்திலேயே பழைய சண்டைக்குப் பஞ்சாயத்து. விடியப்போகும்போது ஆயா அலை நனைத்த மணலைக் கையால் குவித்துத் தட்டித் தட்டி ஏழு படி கட்டினாள். சேற்றில் இறால் தடவின அதே கை. படிக்குப் பூ, வெற்றிலை பாக்கு, உடைத்த தேங்காய், பொரி. கன்னியம்மா கடலில் இருக்கிறாள், மாசி மகத்தன்று கரைக்கு வருவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆயாவின் மருமகளுக்கு அருள் வந்தது. அய்யர் இல்லை, மந்திரம் இல்லை. குடும்பத்தில் ஒருத்தி ஆடி, குடும்பத்துக்குக் குறி சொன்னாள். கொஞ்சம் தள்ளி ஒரு கல்யாணம், மஞ்சள் கயிற்றோடு. அதற்கும் அப்பால் ஒரு குழந்தைக்கு மொட்டை. வெயில் ஏறும் முன்னே அலை வந்து முதல் படியைக் கொண்டுபோனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயா பொரியைத் தின்றுகொண்டிருந்தாள்.

மூன்று பர்லாங் தள்ளிக் கடற்கரைக் கோயில், ராஜசிம்மன் கட்டியது, ஆயிரத்து முந்நூறு வருஷமாக நிற்கிறது. இந்த இடத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் கல்லையும் மணலையும் ஒப்பிட்டு மணல்தான் உயர்ந்த ஞானம் என்று முடிப்பார்கள். நானும் அன்றைக்குக் கிட்டத்தட்ட அழுதேன், நிலையாமையைக் கண்ணால் பார்த்துவிட்டதாக. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. கல்லைக் கேலி செய்த சித்தர் பாட்டை மேடையில் பாடுகிற நாங்கள் எல்லோரும் பட்டா உள்ள வீட்டில் படுக்கிறவர்கள். இடமே இல்லாதவன் மணலில் சாமி வைத்தால் அது வேதாந்தமா, வேறு வழியில்லாமையா? நாலு முழம் மெழுகினதற்கே தண்டத்தீர்வை போட்ட ஆள் நான். அவர்களுடைய இல்லாமையை அவர்களுடைய தத்துவமாக்கிப் பாராட்டினால் எனக்கு எவ்வளவு சௌகரியம்!

காகிதம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் கொஞ்ச நாள் நம்பினேன். மகள் வீட்டுக்குக் கனடா போனபோது அதுவும் ஆட்டம் கண்டது. அவர்கள் இருப்பது ஒண்டாரியோவில் பிராண்ட்ஃபோர்ட். ஊரைத் தாண்டினால் கிராண்ட் ஆற்றங்கரையில் ஆறு நாட்டார் குடியிருப்பு, ஒஸ்வேகன் என்ற கிராமம். இரோகுவா பூர்வகுடிகள் என்று மற்றவர்கள் சொல்வது இவர்களைத்தான். தங்களை அவர்கள் ஹோடெனோஷோனி, நெடுவீட்டு மக்கள், என்கிறார்கள். 1784-இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹால்டிமண்ட், அமெரிக்க விடுதலைப் போரில் தன் பக்கம் நின்றதற்காக ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அவர்களுக்கென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுமார் 9.5 லட்சம் ஏக்கர். இன்று கையில் இருப்பது 46,000 ஏக்கர் போல. மருமகன் சொன்னதும் மனக்கணக்கில் வகுத்துப் பார்த்தேன்: இருபதில் ஒரு பங்கு. 1923-இல் அவர்களின் தலைவர் டெஸ்காஹே, தங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டோடு ஜெனீவா போய் சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. மறு வருஷம் கனடா அரசு பரம்பரை ஆலோசனை சபையை நீக்கிவிட்டுத் தேர்தல் வைத்தது.

அங்கே ஒரு நெடுவீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். நீளமான மரக் கொட்டகை, அவ்வளவுதான். உள்ளே சிலையோ பீடமோ கிடையாதாம். எந்தக் கூட்டம் தொடங்கினாலும் முதலில் மனிதர், பூமி, தண்ணீர், மீன், செடி என்று கீழிருந்து தொடங்கி, சூரியன், நிலா, நட்சத்திரம் தாண்டிப் படைத்தவர் வரை வரிசையாக நன்றி சொல்வார்களாம். யாருக்கு எவ்வளவு சொந்தம் என்ற பேச்சுக்கு முன்னால் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற பட்டியல். 9.5 லட்சம் கையில் இருந்தபோதும் அதைச் சொன்னார்கள், 46,000 ஆனபோதும் சொல்கிறார்கள். இல்லாமையால் வந்த தத்துவம் என்று அதைத் தள்ள எனக்கு வழியில்லாமல் போனது. ஆயாவையும் நான் அவசரப்பட்டுத் தள்ளியிருக்கக்கூடாதோ?

ஊர் திரும்பிய சில வருஷத்தில் பதினோரு குடும்பத்துக்கும் மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டா கிடைத்தது. ரொம்ப வருஷமாகக் குடியிருப்பதற்கு ஆதாரம் கேட்டபோது அவர்கள் எடுத்து நீட்டியது நான் போட்ட பி-மெமோ ரசீதுகளை. தண்டனைக் காகிதம் சாட்சிக் காகிதம் ஆகிவிட்டது. எனக்கு அதில் பெருமைப்பட எதுவுமில்லை. வேப்பமரத்தடியைப் பொது இடமென்று விட்டார்கள். பையன்கள் காசு போட்டு, நாலு இரும்புக் குழாய் நட்டு, கல்லுக்கு மேலே நீல ஷீட் போட்டார்கள். அடுத்த வருஷம் டைல்ஸும் ஒட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், குளியலறைக்கு ஒட்டுவது. எனக்குப் பிடிக்கவில்லை. என் ரசனையை யார் கேட்டார்கள்?

இனி மாமல்லபுரம் போகமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மாசி வந்தது. வேனில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கேயே கோயில் ஆயிடுச்சே ஆயா, இன்னும் எதுக்கு அங்க?"

"இது நாங்க கூப்புட்டா அவ வந்து நிக்கிற எடம் சாமி. அவ இருக்கிறது கடல்ல. வூட்டுக்கு வந்து போறவளை நாமளும் ஒரு நாள் போய்ப் பாக்கணும் இல்ல?"

பன்னிரண்டாவது ரசீதைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்தேன். கன்னியம்மா, கோடு, இரண்டு ரூபாய் சொச்சம். மடிப்பில் கிழிந்திருந்ததை பசை போட்டு ஒட்டியிருந்தேன். அவளிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டத் தெரிந்த பேத்தி படித்துச் சொன்னாள். ஆயா வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கட்டினது நீதானே, நீயே வெச்சிக்க. எடம் வோணும்னு அவ யாரையும் கேக்கலியே." வேனில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். "அது கெடக்குது. தெருக்குழாய்க்கு மனு எழுதிக் குடுத்தியே, அது இன்னா ஆச்சி சாமி?"