கைப்பழக்கமும் தர்மமே



ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. கவர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எல்லாம் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இப்படிப்பட்ட பல பொருட்களுக்குத் தடை வந்தது. ஆனாலும், திருநாள் முடிந்த மறுநாள் தாங்கலைச் சுற்றிப் பெருக்கினால், கூடையில் அதிகம் சேர்வது கவர்தான்.

காரணம் என்ன? கடையில் கேட்காமலே தருகிறார்கள். நாமும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "நான் ஒருத்தன் விட்டால் என்ன ஆகப்போகிறது?" என்று மனம் சொல்கிறது. கலி வெளியே எங்கோ நிற்கவில்லை மக்களே. இந்த அலட்சியமாக நமக்குள்ளேயே இருக்கிறது.

எறிந்த கவர் ஓடையை அடைக்கிறது. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் மாடிவீட்டுக்குள் போகாது. பள்ளத்தில் இருக்கும் ஏழையின் குடிசைக்குள்தான் முதலில் போகும். மிச்சச் சோற்றோடு கட்டி எறிந்த கவரை மாடு தின்று வயிறு அடைத்துச் சாகிறது. எளியவரைக் காப்பது தர்மம் என்று கேட்டு வளர்ந்த நாம், நம் கையாலேயே எளியவருக்குத் துன்பம் செய்யலாமா?

ஐயா வாகைப்பதியில் துவையல் தவசுக்கு அனுப்பிய மக்களை நினைத்துப் பாருங்கள். துவைத்து உடுத்து, கடலில் குளித்து, ஒருவேளை உண்டு வாழ்ந்தார்கள். அரசாங்கம் அவர்களுக்குச் சட்டம் போடவில்லை. பல குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து நடந்ததால், கடினமான ஒழுக்கமும் பழக்கமாயிற்று. தனியாக ஒருவர் மாறுவது சிரமம். பந்தியாக மாறுவது எளிது.

ஆகவே வரும் ஞாயிறு முதல் நாம் சேர்ந்து செய்வோம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ என்று சுருளுக்கு உள்ளதைப் பனையோலைப் பெட்டியிலோ துணிப்பையிலோ கொண்டு வாருங்கள். அன்னதர்மத்தை வாழையிலையில் வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் தூக்குவாளி கொண்டு வாருங்கள். துணிப்பையைப் பத்து வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டாம். பருத்தி விளையவும் தண்ணீர் வேண்டும். ஒரே பையைத் துவைத்துத் துவைத்து, கிழியும் வரை பயன்படுத்துங்கள்.

பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் கையைத்தான் பார்க்கிறார்கள். நம் கை மாறினால் வீடு மாறும். வீடுகள் மாறினால்தான் நாடு மாறும்.

ஐயா உண்டு.