மல்லாட்டை மூட்டையும் பூனையும்

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டி. நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கின்றன. மூட்டை இருந்தால் எலி உண்டு. எலி இருந்தால் பூனை உண்டு. இங்குள்ள பூனைகளுக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. விரட்டுவாரும் கிடையாது.

வீட்டுப்பூனையின் கதையே இப்படித்தான் தொடங்கியது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர்கள் தானியம் சேர்த்து வைத்தார்கள். எலி வந்தது. பின்னாலேயே காட்டுப்பூனையும் வந்து தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுப் பழமையான புதைகுழி ஒன்றில், மனிதருக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் கிடந்தது. இயற்கையாகப் பூனை இல்லாத தீவு அது. யாரோ படகில் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

*

மரக்காணத்தில் கருவாடு காயும் இடம். ஒரு பூனையின் மேனியில் வரி இல்லை, புள்ளி இல்லை. காட்டு முயலின் நிறம். கிட்டே பார்த்தால் ஒவ்வொரு முடியிலும் வெளிறலும் கருமையும் மாறி மாறி வருகின்றன. டிகேகே4 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் வரியை மறைக்கிறது என்று 2021இல் கண்டறிந்தார்கள். இதே மேனியைத் தேர்ந்து பெருக்கித்தான் இங்கிலாந்தில் அபிசீனியன் என்ற இனத்தை உருவாக்கினார்கள். இன்று அதற்கு நல்ல விலை.

*

அபிசீனியா என்பது இன்றைய எத்தியோப்பியா. 1868இல் அங்கே போரிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர் கொண்டுவந்த பூனை என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் அந்தப் பெயரில் பரிசும் வாங்கியது. ஆனால் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் அதே சாயலில் பாடம் செய்த பூனை ஒன்று இருக்கிறது. 1830களில் வாங்கியது. பிறப்பிடம் இந்தியா என்கிறது அதன் சீட்டு. மரபணு ஆய்வுகளும் இந்தியப் பெருங்கடல் கரைகளையே கைகாட்டுகின்றன. மரக்காணத்துப் பூனை அதற்குத் தூரத்துச் சொந்தமாக இருந்தால் வியப்பில்லை.

*

அபிசீனியன் மடியில் கிடக்கிற பூனை அல்ல. அலமாரி உச்சிக்கு ஏறும். திறந்த பைக்குள் தலையை விடும். வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் பின்னாலேயே திரியும், தூக்கினால் நழுவும். அதிகம் கத்தாது. கமிட்டிப் பூனைக்கும் இந்தத் துருதுருப்பு உண்டு. ஆளோடு ஒட்டுவதுதான் இல்லை.

*

விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சுக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டி, பிறகு மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. அந்த நாட்கள் போய்விட்டால் பழக்குவது கஷ்டம். காசுக்கு விற்பவர்கள் இதைத் தெரிந்தே குட்டிகளைத் தினமும் கையில் எடுக்கிறார்கள். இனத்தின் குணம் என்று நாம் மெச்சுவதில் அந்தக் கைக்கும் பங்குண்டு. நாட்டுப்பூனை ஒட்டாது என்பவர்கள் அந்த ஐந்து வாரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.